கழுகு வந்து உட்காருவதற்குள்

எடிட்டிங் மேசைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பி, தங்கைகளே, முதலில் ஒரு வேண்டுகோள். வீடியோவுக்கு முன்னால் இன்ட்ரோ வைக்கலாமா வேண்டாமா, முடிவில் அவுட்ரோ இன்னும் தேவையா என்று இனிமேல் எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பாதீர்கள். கண் ஆபரேஷன் முடிந்து, ஸ்கிரீனைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறேன். கண்ணுக்குத்தான் ஓய்வு கிடைத்திருக்கிறது, காதுக்கு இல்லை. காலையில் ஒருவர், மாலையில் ஒருவர், அதே கேள்வி. ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லித் தொண்டை வறண்டுபோய்த்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஒரு தடவை படித்துவிட்டு என்னை விட்டுவிடுங்கள்.

உங்களில் பாதிப் பேர், முதல் மூன்று நொடியில் ஆளைப் பிடிக்காவிட்டால் வீடியோ செத்தது என்று எங்கேயோ கேட்டுவிட்டு வந்து, கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டுகிறீர்கள். மீதிப் பேர், முதலாளி சொன்னார் என்று லோகோவைச் சுற்றவிட்டு, அதற்குப் பிறகு 'வணக்கம் மக்களே', அதற்குப் பிறகு 'வீடியோவுக்குள் போவதற்கு முன்னால்' என்று ஆரம்பிக்கிறீர்கள். ஏற்கெனவே வீடியோவுக்குள்தானே இருக்கிறோம், இன்னும் எங்கே போவது? இரண்டு கூட்டத்தையும் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. இரண்டு பேருமே ஒரு விஷயத்தைக் கேட்பதில்லை. பார்க்கிறவன் யார், எங்கே உட்கார்ந்து பார்க்கிறான், எதற்காகப் பார்க்கிறான் என்பதுதான் அது.

நான் ஒன்றும் இன்ட்ரோவுக்கு விரோதி இல்லை. ஆலங்காயத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்யத்தான் முதலில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போதெல்லாம் வீடியோவில் முகூர்த்தம் வருவதற்குள் பாதிச் சாப்பாட்டை முடித்துவிடலாம். ரோஜா இதழ் கொட்டும், இரண்டு புறா பறக்கும், ஒரு இதயம் நடுவில் பிளந்து அதற்குள் மாப்பிள்ளை சிரிப்பார். இதையெல்லாம் வைத்தது ஸ்டுடியோவின் பெருமைக்காக. ஆனால் புறா போன பிறகு பெயர்கள் வரும். இன்ன ஊர் இன்னார் பேரன், இன்ன ஊர் இன்னார் பேத்தி. அந்த இடத்தை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போய்விட்டால் ஸ்டுடியோ வாசலில் வந்து நின்று கத்துவார்கள். புறா விட்டுப்போனால் ஒருவரும் கேட்டதில்லை. இந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, எங்கள் ஸ்டுடியோ யூடியூப் சேனலாக மாறி, மஞ்சுளா என்கிற பெண் அழுதுகொண்டே படியேறி வந்த நாள்வரை புரியவில்லை.

சேனல் ஆரம்பித்ததும் முதலாளி செய்த முதல் காரியம் கழுகு. சென்னையில் யாரிடமோ சொல்லிச் செய்து வாங்கி வந்தார். ஜவ்வாது மலை மாதிரி ஒரு மலையிலிருந்து கழுகு புறப்படும். பூமி உருண்டையை ஒரு சுற்றுச் சுற்றும். இடி இடிக்கும். எங்கள் சேனல் பெயர் தங்க எழுத்தில் எழும்பி நிற்கும். கழுகு அதன் மேல் வந்து உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பி நம்மைப் பார்த்து ஒரு கத்து கத்தும். இத்தனையும் முடிந்த பிறகுதான் சாமை விலை என்ன, புதூர்நாட்டுக்கு ஜீப் ஓடுகிறதா, ஆலங்காயத்தில் கரண்ட் எப்போது போகும் என்கிற செய்தி வரும். அந்தக் கழுகைச் சுருக்கலாம் என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் முதலாளி மனம் நொந்துபோவார். "அதாம்மா நம்ம மூஞ்சி" என்பார். அவருடைய மூஞ்சி நன்றாகத்தான் இருந்தது, அதைக் காட்டினாலே போதும் என்று பரணி முணுமுணுப்பான். பரணி என்னோடு எடிட்டிங்கில் இருந்தவன். கை வேகம் என்றால் அவன் கை வேகம்தான். எதையும் வெட்டு என்பதுதான் அவன் கொள்கை.

மஞ்சுளாவுக்குச் சொந்த ஊர் மேல்கொல்லை. புதூர்நாட்டுப் பக்கத்து மலைக் கிராமம். ஆலங்காயத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுடைய அம்மாவுக்கு வலிப்பு உண்டு. தினமும் மாத்திரை போட வேண்டும். போடாவிட்டால் வலிப்பு வரும், வந்தால் அதற்குப் பிறகு ரொம்ப நேரத்துக்கு எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாது. வாணியம்பாடியில் டாக்டரிடம் காட்டுவதற்காக அம்மாவை மலையிலிருந்து இறக்கிக் கூட்டிவந்திருக்கிறாள். பஸ் ஸ்டாண்டில் உட்கார வைத்துவிட்டு, எதிரில் மருந்துக் கடைக்குப் போய்த் திரும்பினால் அம்மா இல்லை. மாத்திரை முழுக்க மஞ்சுளாவின் கையில். அம்மா கையில் ஒன்றும் கிடையாது.

போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு நேராக எங்களிடம் வந்தாள். அழுகையோடு அழுகையாக அவள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். மாத்திரை இல்லாமல் எங்கேயாவது ரோட்டில் விழுந்தால் குடித்துவிட்டுக் கிடக்கிறாள் என்று நினைத்து ஜனங்கள் தாண்டிப் போய்விடுவார்கள். அவள் பயம் நியாயமான பயம். நானும் அப்படிக் கிடப்பவர்களைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

முதலாளி நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காசு பணம் என்று ஒரு வார்த்தை பேசாமல் உடனே வீடியோ போடச் சொன்னார். ஆனால் போட்டது எப்படி? முதலில் கழுகு. பிறகு செய்தி வாசிக்கும் பெண் கைகூப்பி வணக்கம் சொல்லி, சேனலை சப்ஸ்கிரைப் செய்யச் சொல்லி, மணியை அழுத்தச் சொல்லி, 'ஒரு மனதை உருக்கும் செய்தி' என்று இழுத்து, அதற்குப் பிறகு அம்மாவின் படம். போன் நம்பர் கடைசியில்.

எங்கள் பக்கத்தில் வீடியோ எப்படிப் பரவும் என்பது உங்களுக்குத் தெரியும். மலைமேல் சிக்னல் கிடைக்கிற மேடு ஒன்றிரண்டுதான். யாரும் யூடியூபைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். யாராவது ஒருவர் இறக்கிக்கொண்டு போய் வாட்ஸ்அப்பில் விடுவார், மற்றவர்கள் அதை ஸ்டேட்டஸில் வைப்பார்கள். அப்போது ஸ்டேட்டஸில் முப்பது நொடிதான் போகும், மீதி வெட்டுப்பட்டுவிடும். அன்றைக்கு அந்த வட்டாரம் முழுக்க ஸ்டேட்டஸ் வைத்தார்கள், குறை சொல்ல முடியாது. எல்லோருடைய ஸ்டேட்டஸிலும் கழுகு பறந்தது. இடி இடித்தது. செய்தி வாசிக்கும் பெண் மணியை அழுத்தச் சொன்னாள். அத்தோடு முடிந்தது. அம்மாவின் படம் ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை.

யூடியூபில் முழுசாகப் பார்த்த சிலருக்காவது நம்பர் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. கடைசியில் 'இதையும் பாருங்கள்' என்று நாம் ஒட்டுகிறோமே, அந்தக் கட்டங்கள் சரியாக நம்பரின் மேல் போய் உட்கார்ந்திருந்தன. காணாமல் போனவரின் மகளுடைய நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் பலாக்காய் பிரியாணி செய்வது எப்படி என்று ஒரு பாத்திரம் ஆவி பறக்க நின்றது. அதைப் பார்த்துவிட்டு மஞ்சுளா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவருக்கும் முகம் வாடிவிட்டது. ஆனாலும் கழுகை எடுக்க மனம் வரவில்லை. எடுத்தால் எந்தச் சேனல் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். அந்த அம்மாவைத் தேடுகிறவர்களுக்கு அது எதற்குத் தெரிய வேண்டும் என்று நான் கேட்டேன். கடைசியில் பாதி மனதோடு சரி என்றார்.

இப்போது பரணியின் முறை. உட்கார்ந்த இடத்தில் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளினான். கழுகு இல்லை, வணக்கம் இல்லை. எடுத்த எடுப்பில் ஆதார் அட்டையிலிருந்து எடுத்த படம். சிவப்பு எழுத்தில் 'காணவில்லை'. கீழே 'வள்ளியம்மாள்' என்று பெயர், நம்பர். பின்னால் நெஞ்சை அடைக்கிற மாதிரி ஒரு வயலின். சுருக்கமான வீடியோ. நீங்கள் எல்லோரும் கைதட்டுகிற மாதிரியான வேலை. நானும் இனிக் கவலையில்லை என்றுதான் நினைத்தேன்.

அது நன்றாகவே பரவியது. எவ்வளவு நன்றாகப் பரவியது என்றால், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மஞ்சுளாவின் பெரியம்மா மகன் அதை மஞ்சுளாவுக்கே அனுப்பியிருந்தான். "அக்கா, யாரோ ஒரு அம்மா பாவம், காணோமாம், நாலு பேருக்கு அனுப்பு" என்று கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். தொலைந்தது அவனுடைய சொந்தச் சித்தி. அவனுக்கு இன்னும் யாரும் விஷயத்தைச் சொல்லியிருக்கவில்லை. சித்தியின் முகத்தைப் பார்த்தும் அவனுக்குத் தெரியவில்லை. ஆதார் படம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வள்ளியம்மாள் என்கிற பெயரும் அட்டையில் மட்டும் இருக்கிற பெயர். மலையில் அவரை அந்தப் பெயரில் யாரும் கூப்பிட்டதே இல்லை.

மஞ்சுளா அந்த வாய்ஸ் மெசேஜை எங்களுக்குப் போட்டுக் காட்டியபோது பரணி தலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் வயலினை முதலில் நிறுத்தித் தொலை என்றேன். அந்த வயலின் கேட்டாலே இது வழக்கமாக வரும் ஃபார்வர்டு என்று ஜனங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. பிள்ளை பிடிக்கிறவன் வந்திருக்கிறான், ரத்தம் தேவை, பர்ஸ் கிடைத்திருக்கிறது என்று எத்தனை வருகிறது. இரக்கப்படுவார்கள், அனுப்புவார்கள், மறந்துவிடுவார்கள். தேட மாட்டார்கள். தன் வீட்டு விஷயம் என்று தோன்றினால்தானே தேடுவதற்கு.

அந்த நேரத்தில்தான் ஒன்று யோசித்தேன். மலைக்கு எத்தனையோ தடவை கேமராவோடு போயிருக்கிறேன். அங்கே யார் வாசலில் போய் நின்றாலும் முதலில் கேட்பது ஒன்றுதான். எந்த ஊர், யார் வீடு. நீங்கள் கலெக்டரே ஆனாலும் அதைச் சொல்லாதவரைக்கும் நீங்கள் பேசுவது காதில் ஏறாது. சொல்லிவிட்டால் போதும், நீங்கள் சுற்றி வளைத்து எதைப் பேசினாலும் பொறுமையாகக் கேட்பார்கள். கழுகை வெட்டிவிட்டோம், சரி. அதோடு சேர்த்து இதையும் வெட்டியிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

மஞ்சுளாவைக் கேமரா முன்னால் நிறுத்தினேன். ஸ்டுடியோ லைட் வேண்டாம், மைக்கும் வேண்டாம் என்று அவளுடைய போனிலேயே எடுக்கச் சொன்னேன். அவள் பதறினாள். எனக்குப் பேச வராதுக்கா, இன்னா சொல்லணும்னே தெரியல என்றாள். நான் சொன்னேன்:

"மலைக்குப் போனா வாசல்ல நின்னு இன்னா சொல்லுவே, அத்த சொல்லு. அப்புறமா மத்தது."

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பேசினாள்.

"மேல்கொல்லை பலாமரத்து வூட்டுப் பொண்ணு மஞ்சுளா பேசறேங்க. எங்கம்மா சின்னபாப்பாவ வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டுல இருந்து காணோம். செவப்புச் சீலை கட்னு இருந்தாங்க. வலிப்பு வரும், மாத்திரை போடணும். ரோட்ல வுயுந்து கெடந்தா குடிச்சினு கீறாங்கனு நெனச்சிடாதீங்க. கொஞ்சம் உக்கார வச்சி எனுக்கு போன் பண்ணுங்க."

அதற்குப் பிறகும் இரண்டு வார்த்தை பேசினாள். காணாமல் போனது என்றைக்கு என்று தேதி சொல்லி, இது எதுவரைக்கும் உண்மையோ அதுவரைக்கும் அனுப்புங்கள், அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை எனக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று தன் பாஷையில் சொன்னாள். அது முப்பது நொடியைத் தாண்டுகிறது என்று பரணி அந்த வாலை வெட்டினான். எப்படியும் ஸ்டேட்டஸில் போகாது என்றான். அன்றைக்கு அது எங்கள் யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. நம்பர் மட்டும் முதலிலிருந்து கடைசிவரை கீழேயே நின்றது.

முதலாளி வந்து பார்த்தார். நன்றாக இருக்கிறது, ஆனால் ஓரத்திலாவது ஒரு சின்னக் கழுகு வைக்கலாமே என்றார். அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் எழுத முடியாது. சேனலில் போடவே வேண்டாம் என்று முடிவு செய்தேன். மஞ்சுளாவின் போனிலிருந்தே அவளுடைய சொந்தக்காரர்களுக்கு அனுப்பச் சொன்னேன். முகம் தெரிந்த ஒருவரிடமிருந்து முகம் தெரிந்த இன்னொருவருக்குப் போகட்டும். முதலாளி அதற்குப் பிறகு ரொம்ப நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். நெருக்கடியில் யாருடைய முகம் வாடும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. இதை நீங்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மலையில் அந்த வீடியோவுக்கு ஏற்பட்ட கதியே வேறு. பலாமரத்து வூடா என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொரு ஊரிலும் கைமாறியது. மலைக்கு வந்து புளி வாங்கும் வாணியம்பாடி பாய் ஒருவருக்கும் அது போனது. அவர் அன்றைக்கு வியாபாரமாகக் கண்ணமங்கலத்தில் இருந்தார். சாலையோர டிபன் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொருத்தர் ஸ்டேட்டஸாகத் தள்ளிக்கொண்டிருந்தவர், மேல்கொல்லை என்று கேட்டதும் சத்தத்தைக் கூட்டி மறுபடியும் போட்டிருக்கிறார். கடைக்காரம்மா தோசைக் கல்லை விட்டுவிட்டு ஓடிவந்தாராம்.

"இன்னா பாய், இன்னா வூடுன்னாங்க அதுல? இன்னொரு வாட்டி போடுங்க. எங்க வூட்ல ஒரு அம்மா உக்காந்துனு கீது. ஊரு கேட்டா, பேரு கேட்டா, பலாமரத்து வூடு, பலாமரத்து வூடுன்னு அதையேதான் சொல்லுது."

வாணியம்பாடியில் வலிப்பு வந்து தெளிந்தும் தெளியாமலும் எழுந்த சின்னபாப்பா, ஆலங்காயம் பஸ் என்று நினைத்து வேலூர் பஸ்ஸில் ஏறியிருக்கிறார். வேலூரில் யாரோ மலைக்குப் போகணுமா என்று கேட்டு ஏதோ ஒரு பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். கண்ணமங்கலம் வந்ததும் ஜன்னலுக்கு வெளியே மலை தெரிந்திருக்கிறது. நம் மலைதானே என்று இறங்கிவிட்டார். மலை அதே ஜவ்வாது மலைதான். அவர் பார்த்தது அதன் அந்தப் பக்கம். மலையை நோக்கி நடந்து, முடியாமல் டிபன் கடை ஓரத்தில் உட்கார்ந்தவரைத்தான் அந்தக் கடைக்காரம்மா தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டு வைத்திருந்தார். பாய் தன் வண்டியிலேயே ஆலங்காயத்துக்குக் கூட்டிவந்துவிட்டார். நெற்றியில் ஒரு காயம், அவ்வளவுதான். மஞ்சுளா மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினாள். அன்றைக்கு நானும் அழுதேன். பரணியும் அழுதான், கண்ணில் தூசி என்றான்.

இதோடு கதையை முடித்திருந்தால் உங்களுக்கும் எனக்கும் நன்றாக இருந்திருக்கும். இன்ட்ரோ என்றால் லோகோ இல்லை, யார் பேசுகிறார் என்று சொல்வதுதான் இன்ட்ரோ, போய் வேலையைப் பாருங்கள் என்று எழுதிவிட்டுப் படுத்திருப்பேன். ஆனால் நீங்கள் அவுட்ரோவையும் அல்லவா கேட்கிறீர்கள்.

அம்மா கிடைத்ததும் முதலாளி ஒரு வீடியோ போட்டார். கழுகு வந்தது. அவர் பாய்க்குச் சால்வை போர்த்தினார். பாய் அவருக்குச் சால்வை போர்த்தினார். எங்கள் சேனலின் சமூக அக்கறை பற்றி ஒரு பெரியவர் பேசினார். சின்னபாப்பா எங்கேயோ ஓரத்தில், யாரோ கொடுத்த பூங்கொத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதை ஒருவரும் கடைசிவரை பார்க்கவில்லை, ஒருவரும் யாருக்கும் அனுப்பவும் இல்லை. கிடைத்துவிட்ட ஆளைப் பற்றி அனுப்ப எவனுக்கு அவசரம்?

மஞ்சுளாவின் வீடியோ மட்டும் நிற்கவில்லை. அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. தேதியும் இல்லை, கேட்டுவிட்டு அனுப்புங்கள் என்பதும் இல்லை. எப்போது பார்த்தாலும் அது இன்றைக்குத் தொலைந்த அம்மா மாதிரியே இருந்தது. அம்மா தேறி, மறுபடியும் மலைக்கும் ஆலங்காயத்துக்கும் தனியாக வந்துபோக ஆரம்பித்த பிறகும் அது போய்க்கொண்டிருந்தது. சந்தையில் ஒரு பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். பஸ்ஸில் கண்டக்டர் வண்டியை நிறுத்திவிட்டு மஞ்சுளாவுக்குப் போன் போட்டார். எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, குழந்தையிடம் பேசுகிற மாதிரி பேசினார்கள். நான் காணாமல் போகவில்லை என்று அவர் சொன்னால், இப்படித்தான் சொல்வாள், விட்டுவிடாதே என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். மஞ்சுளாவுக்கு வேலையே இதுதான் என்று ஆனது. போன் அடித்தால் எடுத்து, அம்மாவை விட்டுடுங்க என்று சொல்ல வேண்டியது.

ஒரு கட்டத்தில் சின்னபாப்பா மலையை விட்டு இறங்குவதையே நிறுத்திவிட்டார். மாத்திரைகூட மஞ்சுளாதான் வாங்கிக்கொண்டு மேலே போக வேண்டியிருந்தது. அவளுக்கு ஒரு வாரம் முடியாமல் போனபோது அம்மாவிடம் மாத்திரை தீர்ந்து, கொல்லையில் வேலையாக இருக்கும்போது வலிப்பு வந்து விழுந்திருக்கிறார். நல்லவேளை, கூட ஆட்கள் இருந்தார்கள். இதைச் சொல்ல மஞ்சுளா ஸ்டுடியோவுக்கு வந்தபோது அழவில்லை. அவளுக்கும் சலித்துப்போய்விட்டது. அக்கா, இத்த நிறுத்த முடியுமா முடியாதா என்று மட்டும் கேட்டாள்.

நானும் பரணியும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஜீப் பிடித்து மேல்கொல்லைக்குப் போனோம். கண் ஆபரேஷனுக்கு முன்னால் நான் செய்த கடைசி வேலைகளில் அது ஒன்று. அந்தப் பலாமரத்தை நேரில் பார்த்தேன், வீட்டைவிடப் பெரிய மரம். சின்னபாப்பா களத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். திடமாகத்தான் இருந்தார். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, முறத்தைக் கீழே வைக்காமலே பேசினார்.

வரும் வழியெல்லாம் நாங்கள் யோசித்து வைத்திருந்தோம். இந்தத் தடவை எல்லாவற்றையும் சரியாகச் செய்ய வேண்டும். அவரே பேச வேண்டும். முதலில் ஊர், வீடு, பெயர். பிறகு கிடைத்துவிட்டேன் என்கிற விஷயம். கடைசியில் தேதி, பழைய வீடியோ வந்தால் அழித்துவிடுங்கள் என்கிற வேண்டுகோள். வாலை வெட்டக் கூடாது என்று பரணியே சொன்னான்.

நீங்களும் இதைத்தான் செய்ய வேண்டும். அவுட்ரோ என்றால் லைக், ஷேர், சப்ஸ்கிரைப் இல்லை. நீ சொன்ன விஷயம் எதுவரைக்கும் உண்மை, அதற்குப் பிறகு யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவதுதான் அவுட்ரோ. அதற்கு நேரமில்லை என்றால் வேறு எதையாவது வெட்டுங்கள். காணவில்லை என்று போடுகிற ஒவ்வொரு வீடியோவுக்குள்ளும் அது இருக்க வேண்டும். பின்னால் தனியாக ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பின்னால் போடுவது முன்னால் போனதை எட்டிப் பிடிக்காது. இதை எத்தனை தடவைதான் சொல்வது?

சின்னபாப்பா பேசினார். ஒரே தடவையில், திக்காமல், நாங்கள் கேட்டதைவிட நன்றாகவே பேசினார். மேல்கொல்லை பலாமரத்து வூட்டு சின்னபாப்பா பேசறேன், வூட்லதான் கீறேன், யாரும் என்னைப் புடிச்சி வைக்காதீங்க என்றார். பரணி நன்றாக வந்திருக்கிறது என்று கட்டைவிரலைக் காட்டினான். கேமராவை அணைத்து மூட்டை கட்டும்போது அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இது அதுக்கு முன்னாடி போவுமா, பின்னாடி போவுமா?"

பழைய வீடியோவைத்தான் கேட்கிறார் என்று புரிந்தது. அது போய்ச் சேர்ந்த போன்களிலெல்லாம் இதை அதோடு சேர்த்து ஒட்ட முடியாது, இது தனியாகப் பின்னால்தான் போகும் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் முறத்தை ஒரு தட்டுத் தட்டினார்.

"அப்போ, அத்த பாக்கறவங்களுக்கு நான் இன்னும் கெடைக்கல."

மஞ்சுளா கொடுத்தனுப்பியிருந்த மாத்திரைப் பையை என் கையிலிருந்து வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, மறுபடியும் சாமை புடைக்கப் போனார்.